வால்வு மாற்றத்துக்கு இன்னும் 11 நாட்கள்

சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த வாதக் காய்ச்சல் என் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டதால், இன்னும் 11 நாட்களில் நெஞ்செலும்பைப் பிளந்து அதை மாற்றப் போகிறார்கள். எனக்கு வயது 42. விலங்குத் திசுவால் செய்த வால்வு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்து மறு அறுவைக்கு இழுத்துவிடும் என்பதால், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி, 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா இயந்திர வால்வையே தேர்ந்தெடுத்தேன். அதற்கு விலை, ஆயுள் முழுவதும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையும். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்றாலும், கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, எப்போதும் ஒரே அளவில் உண்டால் போதும் என்று மருத்துவர் சொன்னது பெரிய ஆறுதல்.

பல் மருத்துவரிடம் அனுப்பியது முதலில் வேடிக்கையாக இருந்தது. ஈறிலிருந்து கிளம்பும் கிருமி புது வால்வில் தங்கிவிடக்கூடும் என்று அறிந்தபின், இரண்டு சொத்தைப் பற்களை மறுபேச்சின்றிப் பிடுங்கிக்கொண்டேன்.

அச்சம் பகலில் வருவதில்லை. இதயத்தை நிறுத்திவிட்டு இயந்திரம் ரத்தத்தைச் சுற்றவிடும் அந்த நேரத்தில் நான் எங்கே இருப்பேன் என்ற கேள்வி இரவு இரண்டு மணிக்குத்தான் எழுப்புகிறது. அப்போது எழுந்து, காப்பீட்டு எண், வங்கிக் கணக்கு, ரத்தம் கொடுக்க ஒப்புக்கொண்ட நண்பர்களின் பெயர்கள் என்று நோட்டில் எழுதுகிறேன். "உயிலா எழுதுகிறாய்?" என்று அம்மா கடிந்தார். நெஞ்செலும்பு கூடும்வரை கனம் தூக்கக் கூடாதே, எரிவாயு உருளையை யார் நகர்த்துவது என்று குறிக்கிறேன் என்றேன். அது பாதி பொய்.