கடற்காற்றில் இறுகிய கிராண்ட் பியானோ: அக்‌ஷனைச் சீர்செய்த முறை

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரையோரமாக உள்ள வீடொன்றில் நிற்கும் பழைய கிராண்ட் பியானோ. அழுத்திய கட்டைகள் சோம்பித்தான் மேலே வந்தன. மெல்ல வாசித்தால் சில சுரங்கள் ஒலிக்கவே இல்லை. இப்படி இருக்கும்போது பலரும் எடுத்தவுடனே அளவுத் திருகுகளில் கைவைக்கிறார்கள். கொழும்பில் அது வீண் வேலை. ஈரப்பதனில் ஊதிய துணி, சுத்தியல் போன்ற பாகங்கள் அசையும் சிறிய அச்சான சென்ரர் பின்னை இறுக்கிப் பிடித்திருக்கும்வரை எந்த அளவும் நிற்காது. முதலில் உராய்வைத் தீர்க்கவேண்டும்.

கட்டைமூடி, முன்பலகை, இரண்டு ஓரத்து மரத்துண்டுகள் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே, கட்டையின் அசைவைச் சுத்தியலுக்குக் கடத்தும் பொறியமைப்பான அக்‌ஷனை இழுத்தோம். இழுக்கும்போது ஒரு கட்டைகூட அழுத்துப்படக்கூடாது. அழுத்துப்பட்டால் சுத்தியல் எழும்பி மேலேயுள்ள பலகையில் மாட்டும், தண்டு முறியும். உள்ளே பூச்சி அரித்த ஃபெல்ட் தூள் நிறையக் கிடந்தது. அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, சென்ரர் பின்னைத் தாங்கும் சிறு துண்டுகளான ஃபிளாஞ்சுகளின் திருகுகள் எல்லாவற்றையும் இறுக்கினோம்.

அடுத்தது ஆட்டிப் பார்ப்பது. சுத்தியலைக் கழற்றி, ஃபிளாஞ்சில் பிடித்துத் தொங்கவிட்டு ஆட்டினால், ஐந்தாறு தரம் ஆடி நிற்கவேண்டும். ஒன்றிரண்டோடு நின்றால் இறுக்கம். நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் தளர்வு. வாசிக்கும்போது கடகடவென்று சத்தம் வரும். இலேசான இறுக்கத்துக்கு மூன்று பங்கு அல்ககோலும் ஒரு பங்கு தண்ணீரும் கலந்து, துணியில் ஒரு சொட்டு விட்டால் போதும். துணி முதலில் ஊதி பின்னோடு நெருக்குப்பட்டு, காய்ந்ததும் சற்று ஒடுங்கும். முழுதாகக் காயாமல் சோதிக்கவேண்டாம். பச்சைக் களிம்பு ஏறிய பின்னுக்கு இது உதவாது: பின்னையும் துணியையும் மாற்றத்தான் வேண்டும். தளர்ந்த இடத்தில் அரை அளவு பெரிய பின் போடலாம். 20ஆம் இலக்கப் பின் ஏறத்தாழ 1.27 மி.மீ., அடுத்த அரை அளவு அதைவிட 0.025 மி.மீ. அளவுக்குத்தான் தடிப்பு. தையல் மெஷின் எண்ணெய், தேங்காயெண்ணெய் எதையும் விடவே கூடாது. துணி பிசின்போல் ஒட்டிப்போகும், பிறகு மீட்கமுடியாது.

அளவு வைப்பதில் ஒழுங்கு முக்கியம், ஏனென்றால் ஒவ்வொன்றும் முந்தியதில் தங்கியிருக்கிறது. கட்டைகளின் மட்டம், சுத்தியலை மேலே தள்ளும் ஜாக் நிற்கும் இடம், பிறகு சுத்தியலுக்கும் கம்பிக்கும் இடையே ஏறத்தாழ 45 மி.மீ. கட்டையின் இறக்கம் 10 மி.மீ. லெற்-ஓஃப் (ஜாக் சுத்தியலை விடுவிக்கும் புள்ளி), கம்பிக்கு 1.5 முதல் 2 மி.மீ. கீழே, தடித்த பாஸ் கம்பிகள் அகலமாக அதிர்வதால் அங்கே 3 மி.மீ. வரை விட்டோம். ட்ரொப் (விடுபட்ட சுத்தியல் இறங்கி நிற்கும் இடம்) அதற்கும் ஒன்றரை மி.மீ. கீழே. பலமாக வாசித்தபின் சுத்தியல், கம்பிக்கு 15 மி.மீ. அளவில், திரும்பி வரும் சுத்தியலைப் பிடிக்கும் தடுப்பான பக்செக்கில் பிடிபடவேண்டும். லெற்-ஓஃபை மேசையில் வைத்துச் செய்வதானால், கம்பியின் உயரத்தை முன்கூட்டியே அளந்து ஒரு சட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சுத்தியலை மறு அடிக்கு எழுப்பிவிடும் றெப்பெற்றிஷன் ஸ்பிரிங்கை மட்டும் மி.மீ. அளவுகோலால் வைக்கமுடியாது. சுத்தியலைப் பக்செக்கில் பிடிக்கவைத்து, கட்டையை மெல்ல மெல்ல விடுங்கள். சுத்தியல் தயங்காமல், துள்ளாமல் எழவேண்டும். துள்ளினால் வாசிப்பவரின் விரலில் உதைப்புத் தெரியும். எழாவிட்டால் வேகமாகத் திரும்ப அடிக்கும் சுரம் விழுங்கப்படும்.

ஏ.சி.யைப் பகலில் போட்டு இரவில் நிறுத்தும் அறையில் மரமும் துணியும் நாளாந்தம் சுருங்கி விரியும், திருகுகளும் தளரும். அப்படியான அறையென்றால் மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் ஃபிளாஞ்ச் திருகுகளையும் லெற்-ஓஃபையும் திரும்பப் பாருங்கள்.