பெயர்ந்தது 12 சதுர அடி, தட்டிப் பார்த்தால் 58

நாகப்பட்டினத்தில் எங்கள் வீடு 1988இல் கட்டியது. செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, கூப்பிடு தூரத்தில் கடல். ஆனிக் கடைசியில் ஒரு மத்தியானம் தென்பக்கச் சந்தில் தொப்பென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், மாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே பூச்சு பாளமாகப் பெயர்ந்து சந்து முழுக்கச் சிதறிக் கிடந்தது. சுவரில் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

டேப் வைத்து அளந்தேன். 3 அடிக்கு 4 அடி, ஆகப் 12 சதுர அடி. பூசுகூலி சதுர அடிக்கு 40 ரூபாய் என்று எங்கோ கேட்ட ஞாபகம். 480 ரூபாய், மேலே ஒரு சிமெண்ட் மூட்டை. ஆயிரத்துக்குள் முடியும் என்று வீட்டில் சொல்லியும்விட்டேன். அந்தக் கணக்கை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

முதலில் பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் சுவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். "மொத்தமாக் கொத்திட்டுப் புதுசாப் பூசிடலாம் சார். 420 சதுர அடி, பொருளோட 85 ரூபா." 35,700 ரூபாய். அடுத்து வந்தவர், எனக்குத் தெரிந்த கொத்தனார் அண்ணன். அவர் தொகையே சொல்லவில்லை. சுத்தியலைத் திருப்பிப் பிடித்து, பிடியால் கீழ்ச்சுவரில் இரண்டு இடத்தில் தட்டிக் காட்டினார். ஒரு இடம் 'டக் டக்' என்று கெட்டியாகச் சொன்னது. ஒரு முழம் தள்ளி இன்னொரு இடம் 'டொப் டொப்' என்றது. "இது பொக்கு. செங்கல்ல விட்டுடுச்சு, ஆனா இன்னும் விழல. சுவர் பூரா இப்படித் தட்டிக் கோடு போட்டு வைங்க, அப்புறம் ரேட் பேசுவோம்" என்று போய்விட்டார்.

முதல் ஞாயிறு முழுக்க அதுதான் வேலை. கைக்கு எட்டிய இடத்தைச் சுத்தியல் பிடியால் தட்டினேன். எட்டாத இடத்துக்கு மாங்காய் பறிக்கும் தொரட்டிக் கம்பு. அதன் அடிப்பக்கத்தால் தட்டுவது, பிறகு நுனியில் சாக்பீஸைக் கட்டிக்கொண்டு கோணல்மாணலாக வட்டம் போடுவது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஜன்னலைத் திறந்து, "என்ன தம்பி, சுவத்துக்கு ஜோசியம் பாக்குறியா?" என்றார். சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் மாடியில் 44, கீழே ஜன்னலுக்கு அடியில் 14, மொத்தம் 58 சதுர அடி. விழுந்த அளவைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆனால் 420 இல்லை. தட்டிப் பார்க்காமல் யார் சொல்லும் தொகையும் ஒன்று குறைவாக இருக்கும், இல்லை மிக அதிகமாக இருக்கும் என்பது என் கட்சி.

வட்டங்களைத் தள்ளி நின்று பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எல்லாம் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே வரிசையாக இருந்தன. அந்தக் குழாய் சுவரை விட்டு இரண்டு அங்குலம்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வருஷாவருஷம் தண்ணீர் சுவரோடு ஒட்டியே வழிந்து, பூச்சுக்குப் பின்னால் புகுந்திருக்கிறது. மிச்சம் சந்துத் தரையில் விழுந்து தெறித்து, கீழ்ச்சுவரையும் நனைத்து உப்புப் பூக்க வைத்திருக்கிறது. போதாததற்குக் கைப்பிடிச் சுவரின் தலைப்பிலும் நெடுக வெடிப்பு. இதைச் சரிசெய்யாமல் எந்தப் பூச்சு போட்டாலும் நாலு மழைதான். ஒரு எல்போவும் இரண்டடி பிவிசி குழாயும் 170 ரூபாய். முதலில் அதை மாட்டினேன்.

கீழே இருக்கும் 14 சதுர அடியை நானே பூசுவது, மாடியை அண்ணனிடம் விடுவது என்று முடிவு. பொக்கை உளியால் கொத்தி எடுக்கவே ஒரு ஞாயிறு போனது. ஓரங்களைச் சரிவாக விடாமல் நேராக வெட்டிக்கொள்ள வேண்டும். சரிவாக விட்டால் புதுப் பூச்சு அங்கே அப்பளம் மாதிரி மெலிந்து, முதலில் அதுதான் உதிரும்.

ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் கலவை, பி-சாண்ட் என்கிற பூச்சு வேலைக்கான செயற்கை மணல் போட்டு. கரணையில் அள்ளிச் சுவரில் அடித்தேன். சளக்கென்று ஒட்டி, ஒரு விநாடி நின்று, என்னைப் பார்த்துவிட்டு மெதுவாக வழுக்கிச் செருப்பில் விழுந்தது. இரண்டு சட்டி கலவை இப்படியே வீண். காய்ந்த செங்கல் கலவையில் இருக்கும் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும், அப்புறம் பிடிமானம் ஏது? செங்கல் இடுக்குகளைச் சுரண்டி, நன்றாக நனைத்து, ஈரம் சுவறியபின் அடித்தபோது நின்றது. முதல் பூச்சில் கரணை நுனியால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போகும் முன் இரண்டாவது பூச்சு, மட்டமாக்கும் மணியாசுக் கட்டையால் தேய்ப்பு.

அன்று ஆடிக்காற்று. சாயங்காலம் வந்து பார்த்தால் நடுவில் சிலந்தி வலை மாதிரி மயிரிழை வெடிப்புகள். தண்ணீர் காட்ட ஆள் இல்லை. ஒரு பாதியைக் கொத்தி எடுத்துத் திரும்பப் பூசினேன். இந்த முறை சணல் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு, ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். வெடிக்கவில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது சிமெண்ட் சுவர் என்பதால் சிமெண்ட். எங்கள் தாத்தா வீடு மாதிரி பழைய சுண்ணாம்புக் காரைச் சுவராக இருந்தால் சுண்ணாம்புதான் வைக்க வேண்டும். அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளே அடைபட்டு, பாளமாகத் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

மாடிக்கு அண்ணன் வந்தார். சதுர அடிக் கணக்கை எடுத்தேன். "44 அடிக்கு அந்தக் கணக்கு கட்டாது சார். சாரத்துல ஏறி இறங்குறதுக்கே அரை நாளு. சில்லறை வேலைக்கு நாள் கூலிதான்" என்றார். நியாயம். மூன்றடிச் சந்தில் சவுக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டுவதை நேரில் பார்த்தவர்கள் பேரம் பேச மாட்டார்கள்.

செலவு நோட்டிலிருந்து: கைப்பிடிச் சுவர்த் தலைப்பையும் சேர்த்து சிமெண்ட் இரண்டு மூட்டை 820, மணல் 700. அந்த மணலைக் கொண்டுவந்த குட்டியானை வாடகை 600. சாரம், கட்டிப் பிரிக்கும் கூலியோடு 1,800. கொத்தனார் இரண்டு நாள் 2,200, சித்தாள் இரண்டு நாள் 1,400. பிடிமானத்துக்குக் கலக்கும் திரவம் 380, தளமும் சுவரும் சேரும் இடத்தில் அடித்த கோழிவலை 250. கொத்திய காரை ஒன்பது சாக்கு, அதை அப்புறப்படுத்த 500. டீ, வடை 160. குழாயோடு சேர்த்து 8,980 ரூபாய். இதில் சிமெண்டும் மணலும் 1,520தான், ஆறில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் ஏற, இறக்க, சுமக்க, கொட்ட. ஒரு மூட்டை சிமெண்டில் 20 ரூபாய் குறைக்க மூன்று கடை ஏறி இறங்கியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பெயிண்ட் இன்னும் கணக்கில் வரவில்லை. புதுப் பூச்சு காரம் அடங்க ஒரு மாதமாவது காய வேண்டும். அதுவரை சாரத்தை நிறுத்தி வைத்தால் வாடகை, பிரித்துவிட்டால் மறுபடி கட்டக் கூலி. பிரித்துவிட்டேன். பழைய நிறத்தோடு ஒட்டுப்போட்ட இடம் எப்படியும் சேராது, முழுச் சுவரும்தான் அடிக்க வேண்டும். சுவர் இப்போது செவலை மாடு மாதிரி திட்டுத்திட்டாக நிற்கிறது. ஐப்பசி மழை முடியட்டும், பொங்கலுக்கு அடித்துக்கொள்ளலாம்.

புரட்டாசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் மாடி அறைக்குப் போய் உட்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. வெளியே குழாய்த் தண்ணீர் சுவரைத் தொடாமல் சந்து நடுவில் விழுந்திருக்கிறது. கீழே நான் பூசியதில் ஜன்னல் மூலையில் மட்டும் ஒரு மயிரிழை. அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறேன். நீள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரியம்மா வீட்டுக் குழாயும் இரண்டு அங்குலம்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஞாயிறு தொரட்டிக் கம்போடு வரச் சொல்லியிருக்கிறார்.