ஸ்பிட்ஃபயர்: முன் கார்ப் ஒருவழியாக அடங்கியது

படம் போடுகிறேன், போடுகிறேன் என்று மூன்று மாதமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதோ பதினொரு படம். எட்டில் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது, சுருக்கமாக கார்ப்), ஒன்றில் புஷ் (தண்டு உட்கார்ந்து சுழலும் உலோக வளையம்), மிச்சம் இரண்டில்தான் கார். "ஏனுங்க, வண்டியக் காணோம்?" என்று வீட்டிலேயே கேட்டாயிற்று.

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3, 1296 சிசி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். வால்பாறைப் பக்கம் ஒரு ஷெட்டில் கிடந்தது. துரு, பெயிண்ட் எல்லாம் போன வருடக் கதை. இப்போதைய பாடு இரட்டை எஸ்.யூ. கார்ப், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சூடானதும் ஐடில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) தானாக ஏறும். சிக்னலில் நின்றால் இருமி அணையும்.

மூன்று ஞாயிறு இதிலேயே போனது. இரண்டு கார்ப்பையும் இணைக்கும் நடு கிளாம்ப்பைத் தளர்த்தி, ரப்பர் குழாயின் ஒரு முனை காதில், மறுமுனை கார்ப் வாயில். 'உஸ்' சத்தம் இரண்டிலும் ஒன்றாக வரும், அதாவது இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கின்றன. ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் மாறியிருக்கும். கலவையை மாற்றும் ஜெட் நட்டை ஒரு பட்டை இறக்கினேன், இரண்டு பட்டை ஏற்றினேன். கார்ப்புக்குள் இருக்கும் பிஸ்டனை நூலளவு தூக்கிப் பார்த்தால் பின் கார்ப்பில் வேகம் லேசாக ஏறி அடங்குகிறது, அதாவது கலவை சரி. முன் கார்ப் காலையில் ஒன்று சொல்லும், மத்தியானம் ஒன்று. டேம்பர் எண்ணெய் மாற்றினேன், ஊசி மாற்றினேன். ம்ஹூம்.

நாலாவது ஞாயிறு, எரிச்சலில் முன் கார்ப்பின் த்ராட்டில் ஸ்பிண்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தட்டைத் தாங்கும் தண்டு) ஓரமாக கார்ப் கிளீனரைத் துளி பீய்ச்சினேன் (தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில்). எஞ்சின் குரலே மாறிவிட்டது. காற்று அங்கேதான் புகுந்துகொண்டிருந்தது! விரலால் அசைத்தாலே ஸ்பிண்டில் ஆடுகிறது. இத்தனை நாள் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அளந்திருக்கிறேன்.

கோவை கணபதியில் பம்பு செட்டுக்கு புஷ் போடும் லேத் பட்டறைப் பெரியவரிடம் கொண்டு போனேன். "இத்துனூண்டு சாமானுக்கு இத்தன அலப்பறைங்களா தம்பி?" என்றார். கன்மெட்டல் புஷ்ஷை இரண்டு பக்கமும் தனித்தனியாக ரீமர் (துளையை அளவுக்குச் சரியாகக் குடையும் கருவி) விட்டதில் நேர்கோடு தப்பி, ஸ்பிண்டில் இறுகிக்கொண்டது. அவருக்கே ரோஷம் வந்துவிட்டது. புதுசாகக் கடைந்து போட்டு, நீள ரீமர் ஒன்றை இரு பக்கமும் ஒரே ஓட்டமாக விட்டார். ஸ்பிண்டில் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போனது. ஆட்டம் துளியும் இல்லை. கூலியைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெளிநாட்டுக் கடை ஒன்று என் கார்ப்பான எச்.எஸ்.2-க்குப் பதில் வேறு அளவான எச்.எஸ்.4-இன் கேஸ்கெட் அனுப்பியதற்கு நான் அழுத சுங்க வரியில் பாதிகூட இல்லை.

மாட்டும்போது ஒன்று: பட்டர்ஃபிளை (அந்த த்ராட்டில் தட்டு) திருகுகளைத் தளர்வாக விட்டு, த்ராட்டிலை நாலு தடவை சட்டென்று மூடினால் தட்டு தானே நடுவில் உட்காரும். அப்புறம் முடுக்கி, பிளந்த திருகு முனைகளை விரித்துவிட வேண்டும். மறந்தால் திருகு நேராக எஞ்சினுக்குள்.

கார் படம் இரண்டும் ஆலாந்துறை ரோட்டில், விடிகாலையில் எடுத்தது. பின்னால் வெள்ளியங்கிரி, பக்கத்தில் பாக்குத் தோப்பு. பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்து வைத்திருப்பது உங்களுக்காகத்தான். வண்டி பழுதாகி நிற்கவில்லை.

அடுத்தது முன் சக்கர ட்ரன்னியன் (சக்கரம் திரும்பும் கீழ் மூட்டு). யாரோ புண்ணியவான் இ.பி.90 கியர் எண்ணெய் ஊற்ற வேண்டிய இடத்தில் கிரீஸை அடைத்திருக்கிறார். முன் சஸ்பென்ஷன் ட்ரையம்ஃப் ஹெரால்டு காரின் சொத்துதானே, நம் மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு சாமான் யாரிடமாவது முடங்கிக் கிடந்தால் சொல்லுங்கள், ஈரோடு, சேலம் வரை வந்து எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் பின் கார்ப்புக்கும் புஷ் போட்டாக வேண்டும். நேற்று அசைத்துப் பார்த்தேன், அதுவும் லேசாக ஆடுகிறது.