ஆயிரத்தில் இருபது பேர்

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நெருங்கினால் எங்கள் அலுவலகத்துக்குத் தவறாமல் ஒரு கேள்வி வந்துவிடும். "யூதர்கள் இந்த முறையாவது குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்கிறார்களா?" கேட்பவர் பத்திரிகைக்காரராக இருப்பார், கட்சிக்காரராக இருப்பார், சில சமயம் நன்கொடை திரட்டுகிறவராக இருப்பார். எல்லோருக்கும் வேண்டியது ஒரே ஒரு சதவீதம்.

நான் நியூ ஜெர்சியில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் அட்டவணை போடுகிற ஆள். தொலைபேசியில் வாங்கிய பதில்களைச் சுத்தம் செய்து, வயது, படிப்பு, இனம் பார்த்து, குறைவாகச் சிக்கியவர்களின் பதிலுக்குக் கூடுதல் மதிப்பு வரும்படி எடை போட்டு, எண்களாக்கி அனுப்புவது என் வேலை. இந்த ஒரு சதவீதத்துக்குப் படும் பாடு வேறு எதற்கும் பட்டதில்லை.

அமெரிக்க மக்கள்தொகையில் யூதர்கள் 2.4 சதவீதம்தான். ஆயிரம் வாக்காளர்களிடம் பேசினால் அதில் இருபது, மிஞ்சினால் இருபத்தைந்து பேர் யூதர்கள். அந்த இருபத்தைந்து பேரை வைத்து 70 சதவீதம் என்று சொன்னால், உண்மை 50ஆகவும் இருக்கலாம், 90ஆகவும் இருக்கலாம். இதைத்தான் தலைப்புச் செய்தியில் போடுகிறார்கள். 2024 தேர்தல் முடிந்ததும், வாக்குச்சாவடி வாசலில் எடுக்கும் எக்சிட் போல் யூதர்களில் 78 சதவீதம் பேர் கமலா ஹாரிஸுக்குப் போட்டதாகச் சொன்னது. லட்சம் பேருக்கு மேல் விசாரித்த அசோசியேட்டட் பிரஸ் கணிப்போ 66 என்றது. முதல் எண்ணைப் பிடித்தவர்கள் "ஒன்றும் மாறவில்லை" என்று எழுதினார்கள். இரண்டாவதைப் பிடித்தவர்கள் "சரிவு" என்று எழுதினார்கள்.

சரிவு என்கிற கதை புதிதும் இல்லை. ரூஸ்வெல்ட் காலத்தில் யூதர்களில் பத்தில் ஒன்பது பேர் ஜனநாயகக் கட்சிக்குப் போட்டதாக மதிப்பிடுகிறார்கள். 1980இல் குடியரசுக் கட்சியின் ரீகன் 39 சதவீதம் வாங்கினார். ஜனநாயகக் கட்சியின் கார்ட்டருக்கு 45தான் கிடைத்தது. மிச்சத்தில் பெரும்பகுதி சுயேச்சையாக நின்ற ஆண்டர்சனுக்குப் போனது. அவ்வளவுதான், யூதர்கள் வலப்பக்கம் வந்துவிட்டார்கள் என்று கட்டுரைகள் குவிந்தன. பன்னிரண்டே வருஷத்தில், 1992இல், மூத்த புஷ்ஷுக்குக் கிடைத்தது 11. வசதியான எபிஸ்கோபல் கிறிஸ்தவ சபைக்காரர்களைப் போலச் சம்பாதிக்கிறார்கள், ஏழைகளான போர்ட்டோ ரிக்கர்களைப் போல ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள் என்று மில்ட்டன் ஹிம்மல்ஃபார்ப் கிண்டலாகச் சொன்னது இன்றைக்கும் எங்கள் கூட்டங்களில் அடிபடும். சொன்னவரும் யூதர்தான், பழமைவாதப் பக்கம் நின்றவர். அந்தக் கிண்டலில் கொஞ்சம் ஆதங்கமும் இருக்கிறது.

காசு இருக்கிறவன் வரி குறைக்கிற கட்சிக்குத்தானே போடுவான் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்ததுண்டு. பதிவான அழைப்புகளைக் கேட்டுச் சரிபார்ப்பதும் எங்கள் பொறுப்பு என்பதால், அந்தக் கணக்கு ஏன் எடுபடவில்லை என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க முடிந்தது. ஃபுளோரிடாவில் ஒரு பாட்டி. நியூயார்க்கில் வளர்ந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஏன் ஜனநாயகக் கட்சி என்று எங்கள் அழைப்புப் பிரிவுப் பெண் கேட்டதும், "வரி குறைந்தால் குறையட்டும், வேண்டாம் என்றா சொல்வேன்? ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கிறிஸ்தவ ஜெபம் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான். அந்த நாளைத் திரும்பக் கொண்டுவர ஆசைப்படுகிற கட்சி எது என்று எனக்குத் தெரியும்" என்றார். அரசுப் பள்ளிகளில் அரசே எழுதிக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லவைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர்களில் லாங் ஐலண்டைச் சேர்ந்த யூதப் பெற்றோரும் உண்டு. ரீகனோடு கைகோத்து வந்த கிறிஸ்தவ வலதுசாரிகளைப் பார்த்து இந்தத் தலைமுறை மிரண்டதில் ஆச்சரியமே இல்லை. பாட்டியின் பதிலை நாங்கள் "மதமும் அரசும்" என்ற குறியீட்டில் போட்டோம். இப்படி நீளமாகப் பதில் சொல்கிறவர்கள் குறைவு. அவர்களுக்காகவே அழைப்புகளைக் கேட்கலாம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுதான் எங்கள் தொழிலின் அடிப்படை. இங்கே ஒரே அடுப்பில் இரண்டு மூன்று பானை. பியூ ஆய்வு மையம் 2020இல் விசாரித்தபோது யூதர்களில் 71 சதவீதம் பேர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள், அல்லது அந்தப் பக்கம் சாய்கிறவர்கள். மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் யூதர்களை மட்டும் தனியாக எடுத்தால் அப்படியே தலைகீழ்: 75 சதவீதம் குடியரசுக் கட்சி. அதே மையத்தின் 2013 ஆய்வில் இது 57ஆக இருந்தது. நகர்வு என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது. வயதுவந்த யூதர்களில் ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் 9 சதவீதம்தான் என்றாலும், 65 வயதைத் தாண்டியவர்களில் 3 சதவீதம், முப்பதுக்குக் கீழே 17 சதவீதம் என்பதைப் பார்த்தால் இது எங்கே போகும் என்று தெரியும்.

ஆனால் எங்கள் தொலைபேசிக்குச் சிக்காதவர்களும் இவர்கள்தான். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் சனிக்கிழமை இருட்டும் வரை ஷாபாத் என்கிற ஓய்வுநாள், போனைத் தொடமாட்டார்கள். மற்றவர்கள் வீட்டில் சாவகாசமாக இருக்கும் நாளே சனிக்கிழமைதான். நவம்பர் தேர்தலுக்கு முந்தைய கணிப்புக் காலம் பார்த்து ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் என்று பண்டிகைகள் வரிசையாக வரும். லேக்வுட், பரோ பார்க் மாதிரி ஆர்த்தடாக்ஸ் மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் பலரிடம் இருப்பது மத விதிப்படி இணையம் அடைக்கப்பட்ட கோஷர் போன். செலவைக் குறைக்கக் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்பிப் பதில் வாங்கும் புது முறை அங்கே செல்லாது. கடைசியில் மூன்று ஆர்த்தடாக்ஸ்காரர்கள் சிக்குவார்கள். அந்த மூவருக்கும் எடையைக் கூட்டினால், மூன்று பேர் ஒரு சமூகத்துக்கே பேசுவார்கள்.

பெயரை வைத்துப் பிடிக்கலாம் என்று ஒரு பழைய வழி உண்டு. கோஹன், லெவைன் என்று பட்டியல் போட்டு அழைப்பது. கல்யாணத்தால் பெயர் மாறியவர்கள், நியூயார்க் நகரத்துப் பிரைட்டன் பீச்சின் ருஷ்ய யூதர்கள் எல்லாம் அதில் நழுவிவிடுவார்கள். சோவியத் நாட்டிலிருந்து வந்த இவர்களுக்கு இடதுசாரி என்ற வாசனையே ஆகாது. குடியரசுக் கட்சிக்கு இன்னொரு கணிசமான ஆதரவு இவர்களிடம்தான்.

ஆர்த்தடாக்ஸ் வாக்கைப் பழமைவாத வாக்கு என்று எழுதுவதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் நியூ ஸ்கொயர் என்று ஒரு கிராமம், ஆர்த்தடாக்ஸிலும் கட்டுப்பாடு மிகுந்த ஹசீதிக் பிரிவினருடையது. 2000ஆம் ஆண்டு செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஹிலரி கிளின்டனுக்கு அங்கே கிட்டத்தட்ட 1,400 வாக்கு, எதிராளிக்கு 12. மதகுருவான ரபியும் ஊர்ப் பெரியவர்களும் பேசி முடிவெடுத்தால் ஊரே அந்தப் பக்கம் போடும். 2022இல் அதே மாநிலத்தில் யெஷிவா எனப்படும் யூத மதப் பள்ளிகளில் பொதுப்பாடங்கள் போதுமான அளவு நடத்தப்பட வேண்டும் என்று கல்வித் துறை விதி கொண்டுவந்தது. அந்த வருஷம் ஆளுநர் பதவிக்கு நின்ற லீ செல்டின், குடியரசுக் கட்சிக்காரர், ஹசீதிக் பகுதிகளில் வாரிக்குவித்தார். தங்கள் பள்ளிக்கூடத்தில் யார் கை வைக்கவில்லையோ அவருக்கு வாக்கு. ஆறேழு குழந்தைகளுக்குக் கல்விக்கட்டணம் கட்டுகிற அப்பாவுக்கு, தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் தரலாம் என்கிற கட்சி இனிக்கத்தான் செய்யும். இர்விங் கிரிஸ்டலும் நார்மன் போதோரெட்ஸும் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நடந்த கதை வேறு. அது சிந்தனையாளர்களின் கதை. பக்கம் பக்கமாக எழுதினார்கள், வாக்காகப் பெரிதாக விழவில்லை.

இஸ்ரேல்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் நம்பிக்கை. 2018இல் தூதரகத்தை எருசலேமுக்கு மாற்றினார் டிரம்ப், மறுவருஷம் கோலான் குன்றுகளை இஸ்ரேலுடையதாக அங்கீகரித்தார். 2020இலும் யூதர்களில் பெரும்பாலோர் பைடனுக்கே போட்டார்கள். 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்கு அப்புறம் நான் கவனித்த மாற்றம் வேறு இடத்தில் இருந்தது. உங்கள் மதம் என்ன என்று கேட்டதும் மறுமுனையில் ஒரு தயக்கம். "யார் கேட்கிறது? எதற்காக? இந்தப் பட்டியல் யாரிடம் போகும்?" கல்லூரி வளாகங்களில் நடந்த இஸ்ரேல் எதிர்ப்புப் போராட்டங்களைப் பேசி ஜனநாயகக் கட்சியைத் திட்டித் தீர்த்துவிட்டு, "ஆனால் அந்த ஆளுக்குப் போட முடியாது" என்று டிரம்பைச் சொல்லி முடித்தவர்களும் உண்டு. பிட்ஸ்பர்க் ஜெபாலயத்தில் 2018இல் தீவிர வலதுசாரி ஒருவனால் பதினோரு பேர் சுட்டுக் கொல்லப்பட்டதை மறக்காதவர்கள் அவர்கள். பயம் இரண்டு பக்கமும் இருந்தது. எந்தப் பக்கத்துப் பயம் பெரியது என்பது ஆளுக்கு ஆள் மாறியது.

போன தேர்தலில் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரே எண்ணுக்குப் பதிலாக மூன்று வரிசை அனுப்பினேன்: ஆர்த்தடாக்ஸ், மற்ற ஜெபாலயக்காரர்கள், மதம் இல்லை ஆனாலும் யூதர் என்பவர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. அறிக்கை அச்சில் வந்தபோது ஒரே சதவீதம்தான் இருந்தது, எண்ணிக்கை அடிக்குறிப்பில்கூட இல்லை. கூடவே வேலை பார்க்கும் லாங் ஐலண்டுக்காரப் பெண்மணி, அவரும் யூதர், அதைப் பார்த்துச் சிரித்தார். "என் தம்பி லேக்வுட்டில் இருக்கிறான். தேர்தல் வந்தால் நானும் அவனும் பேசிக்கொள்வதில்லை. எங்கள் இருவருக்கும் சராசரி எடுத்தால் வருகிற ஆள் யார் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை" என்றார்.

அடுத்த கணிப்புக்காக மேலாளரிடம் மூன்று கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை நேரத்தை ஞாயிறு மாலைக்கு மாற்ற வேண்டும், ஹசீதிக் வீடுகளில் பேசும் இத்திஷ் மொழி தெரிந்த ஆட்கள் இரண்டு பேர் வேண்டும், போனில் சிக்காத வீடுகளுக்குத் தபாலில் படிவம் அனுப்ப வேண்டும். பியூ தன் 2020 ஆய்வுக்கு மூன்று லட்சம் வீடுகளுக்குக் கடிதம் போட்டது. முதல் இரண்டும் சரி என்றுவிட்டார். தபாலுக்குக் காசு இல்லையாம்.