ஒரு பொய்க்குப் பத்தொன்பது வருஷம்

அப்பாவுக்குத் தியாகி பென்ஷன் வாங்கப் பத்தொன்பது வருஷம் ஆனது. 1983-ல் முதல் விண்ணப்பம், 2002-ல் உத்தரவு. ஒவ்வொரு தடவை ஃபைல் திரும்பி வந்ததற்கும் ஒரே காரணம்தான், வயது.

அப்பா பிறந்தது 1928-ல், மலாயாவில், பேராக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆட்களை சயாம்-பர்மா ரயில்பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். போன பெரியப்பா திரும்பவே இல்லை. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு தோட்டங்களில் அவருடைய இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆள் எடுத்தார்கள். அப்பாவைப் பார்த்துவிட்டு, "நீ பாலசேனாவில் சேர், தம்பி" என்றார்களாம். பாலசேனா என்றால் சிறுவர்களுக்கான பிரிவு. பதினெட்டு முடிந்துவிட்டது என்று அப்பா சாதித்தார். யாரும் சான்று கேட்கவில்லை.

பெரியப்பா மண் சுமந்த அந்தப் பாதையிலேயே அடுத்த வருஷம் அப்பா ரயிலில் பர்மாவுக்குப் போனார். 1945 பிப்ரவரியில் ஐராவதி ஆற்றங்கரையில், அந்தப் படையின் நேரு பிரிகேடில். பூட்ஸ் பிய்ந்துபோய்க் காலில் சாக்குத் துணி சுற்றியிருந்தாராம். மே மாதத்திலிருந்து ஒன்பது மாதம் பிரிட்டிஷ்காரர்களின் கைதியாக ரங்கூன் சிறை. அப்புறம் மலாயா, சில வருஷம் கழித்து ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம்.

1980-ல் மத்திய அரசு பென்ஷனுக்கு வருமான வரம்பை எடுத்துவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் விண்ணப்பித்தோம். ஆறு மாதச் சிறைவாசத்தை நிரூபிக்க வேண்டும். ரங்கூன் சிறை ஆவணத்துக்கு நாங்கள் எங்கே போவது? சக கைதிகளின் சான்றிதழைத்தான் வைத்தோம். 'பதினைந்து வயதில் படைவீரராக இருந்திருக்க வாய்ப்பில்லை' என்று திருப்பிவிட்டார்கள். ஒரு குமாஸ்தா நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "1925-னு எழுதிடுங்க ஐயா, முடிஞ்சிரும்." அப்பா மறுத்துவிட்டார். "சண்டைக்குப் போறதுக்குப் பொய் சொன்னேன். காசுக்குச் சொல்லமாட்டேன்." வீடு அடமானத்தில் இருந்த நேரம். அன்றைக்கு எனக்கு அப்பா மேல் வந்த கோபத்தை நினைத்தால் இப்போது வலிக்கிறது.

கடைசியில் வழி காட்டியவர் தேவகோட்டைப் பக்கம் இருந்த ஒரு பெரியவர். ரங்கூனில் அப்பாவோடு இருந்தவர், பார்வை போயிருந்தது. அப்பா வாசலில் நின்று "ஜெய்ஹிந்த்" என்றார், அவ்வளவுதான். அவர் கயிற்றுக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "யாரு, சின்னப் பயலா?" என்றார். முகாமில் அப்பாவுக்கு அதுதான் பெயராம். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை.

அதையே சான்றிதழில் எழுதச் சொன்னேன்: 'எங்கள் பிரிவில் இவர்தான் வயதில் சிறியவர், சின்னப் பயல் என்றே அழைப்போம்.' இந்த வரி முதல் சான்றிதழிலேயே இருந்திருக்க வேண்டும். சிறு வயதில் சேர்ந்தவர்களுக்காக யாராவது அலைந்துகொண்டிருந்தால், வயதை மறைக்காமல் சாட்சியின் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

அப்புறமும் மறுத்தார்கள். உயர் நீதிமன்றம் போனோம். தியாகிகளிடம் கிரிமினல் வழக்கு மாதிரி ஆதாரம் கேட்கக்கூடாது என்று 2001-ல் குர்தயால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. வக்கீல் அதை முன்வைத்தார். தீர்ப்பு எங்கள் பக்கம். பழைய பாக்கி கிடையாது, உத்தரவுத் தேதியிலிருந்துதான்.

உத்தரவு வந்த அன்று அப்பா தொகையைக் கேட்கவில்லை. "பிறந்த வருஷம் என்ன போட்டிருக்கு?" என்றார்.

"1928, அப்பா."

"சரி" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.