ஃபிரட்டர்னிட்டிக்கு ஓர் இணையதளம்

அமெரிக்காவில் முதுகலை படித்த காலத்தில், எங்கள் பல்கலைக்கழகத்தில் இயங்கிய ஒரு ஃபிரட்டர்னிட்டியின் கிளைக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுத்தேன். நான் அதன் உறுப்பினன் அல்லன். நான் ஆய்வகப் பயிற்சி நடத்திய வகுப்பில் படித்த இளங்கலை மாணவர் ஒருவர் அந்தக் கிளைக்குச் செயலாளராக இருந்ததால், பணி என்னைத் தேடி வந்தது.

ஃபிரட்டர்னிட்டி என்பது கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சகோதரத்துவ அமைப்பு. 1776ஆம் ஆண்டு வர்ஜீனியாவின் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் தோன்றிய ஃபை பீட்டா கப்பாவிலிருந்து இந்த மரபு தொடங்குகிறது. உறுதிமொழியும் இரகசியக் கைகுலுக்கலும் அப்போதே அதில் இருந்தன. கறுப்பின மாணவர்கள் 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவை நிறுவினார்கள். தெற்காசிய மாணவர்கள் 1998இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டெல்டா எப்சைலான் சையைத் தொடங்கினார்கள். யார் தொடங்கியதாயினும், உள்ளே நடக்கும் சடங்குகளை வெளியே சொல்லாத வழக்கம் இத்தகைய அமைப்புகள் பெரும்பாலானவற்றில் தொடர்கிறது. சொல்லாமல் காப்பதையே பெருமையாகக் கொண்ட அமைப்புக்கு, எல்லோரும் படிக்கும் ஓர் இணையதளத்தில் எதை எழுதுவது என்பதே என் முன்னிருந்த முதற்கேள்வி.

அவர்களுடைய பழைய தளத்தின் முகப்பில் பெரிய இலச்சினையும், கோட்டு அணிந்து படிக்கட்டில் நிற்கும் குழுப்படமும், பட்டம் பெற்றுப் போய்விட்ட பொறுப்பாளர்களின் பெயர்களும் இருந்தன. சேர விரும்பும் மாணவனுக்குப் பயன்படும் ஒரு வரிகூட அதில் இல்லை. ஆகவே வரைபடம் எதுவும் போடுவதற்கு முன், ரஷ் எனப்படும் ஆள்சேர்ப்பு வாரத்தில் இரண்டு மாலைகள் அவர்களுடைய மேசையருகே நின்று, வந்துபோன முதலாண்டு மாணவர்கள் கேட்டதையெல்லாம் குறித்துக்கொண்டேன். எவ்வளவு பணம் கட்ட வேண்டும், வாரத்தில் எத்தனை மணிநேரம் போகும், கிளையின் வீட்டிலேயே தங்க வேண்டுமா, பிடிக்காவிட்டால் விலகலாமா என்று கேட்டார்கள். இலச்சினையின் பொருளை ஒருவரும் கேட்கவில்லை. மகனுடன் வந்திருந்த ஒரு தாய், இவனை என்னென்ன செய்யச் சொல்வீர்கள் என்று நேராகக் கேட்டபோது, மேசையில் இருந்தவர்கள் புன்னகைத்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கவில்லை. அந்தத் தாய்க்கு எழுத்தில் விடை தருவதுதான் இந்தத் தளத்தின் வேலை என்று அன்றிரவே முடிவு செய்தேன்.

கட்டண விவரத்தை முகப்பிலிருந்து ஒரே சொடுக்கில் கிடைக்கும்படி வைக்க வேண்டும் என்று நான் சொன்னதற்குக் கிளைத் தலைவர் உடன்படவில்லை. தொகையைப் பார்த்தாலே மாணவர்கள் ஓடிவிடுவார்கள் என்று அவர் அஞ்சினார். ஆனால் சேர வருமாறு கிளை தரும் அழைப்பை, அதாவது பிட்டை, ஏற்றுக்கொண்டு நண்பர்களிடமும் சொல்லிவிட்ட பிறகு தொகையை அறியும் ஏழை மாணவன், வெட்கத்தினால் விலகவும் முடியாமல் கடன் வாங்கிக் கட்டுவான். அவன் முன்கூட்டியே கணக்குப் பார்த்துத் தயங்குவது கிளைக்கும் நல்லது என்று நான் வாதாடினேன். மூன்று கூட்டங்களுக்குப் பிறகு, பருவக் கட்டணம், நுழைவுக் கட்டணம், தவணை வசதி எல்லாவற்றையும் தலைவரே எழுதிக் கொடுத்தார்.

ஹேசிங் பற்றிய பக்கத்தில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. நாம் ராகிங் என்று சொல்வதன் அமெரிக்க வடிவம் அது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதையும், அதையடுத்து 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச்சட்டம் வந்ததையும் வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். புதிய உறுப்பினரிடம் எவையெவை கேட்கப்படமாட்டா என்பதையும், கேட்கப்பட்டால் கிளைக்கு வெளியே பல்கலைக்கழகத்தில் யாரிடம் முறையிடலாம் என்பதையும் அந்தப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதவைத்தேன். 2024 டிசம்பரில் அமெரிக்காவில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், மாணவர் அமைப்புகள் செய்த ஹேசிங் விதிமீறல்களைப் பல்கலைக்கழகங்களே வெளியிட வேண்டும் என்கிறது. இன்று இப்படியொரு தளத்தை அமைப்பவர் அந்த அறிக்கைக்கும் இணைப்புத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உறுப்பினர் பகுதிக்கு நேர்மாறான கவனம் தேவைப்பட்டது. பழைய தளத்தில் உறுப்பினர்களின் கைப்பேசி எண்களும் ஊர் முகவரிகளும் யாரும் பார்க்கும்படி கிடந்தன. அவற்றைக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் கொண்டுபோனதோடு, தேவையற்றவற்றை நீக்கினேன். விருந்துப் படங்களில் இருந்த வெளியாட்களின் முகங்களையும் எடுத்துவிட்டேன். கூட்டக் குறிப்புகள், நாட்காட்டி, கட்டண நிலுவை, முன்னாள் உறுப்பினர்களின் பணித்துறை ஆகியவை மட்டும் உள்ளே இருந்தன.

நிறத்திலும் ஒரு சிக்கல் எழுந்தது. அவர்களுடைய பொன்மஞ்சளை வெள்ளைப் பின்னணியில் எழுத்தாக வைத்தால் படிக்கவே முடியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடாவது வேண்டும் என்பது இணைய அணுகல் நெறி. மஞ்சளைப் பட்டைகளுக்கு ஒதுக்கி, எழுத்துகளைக் கருநீலத்தில் அமைத்தேன்.

இத்தகைய கிளைகளில் பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். இந்தக் கிளையின் தளப்பெயர் பட்டம் பெற்றுச் சென்ற ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்ததால், புதுப்பிக்க ஆளின்றி ஒருமுறை தளமே மறைந்துபோயிருக்கிறது. ஆகவே எல்லாக் கணக்குகளையும் செயலாளர் பதவிக்கென்று உருவாக்கிய மின்னஞ்சலுக்கு மாற்றி, இரண்டு பக்க வழிகாட்டியும் எழுதிவைத்தேன். அடுத்த இலையுதிர் பருவத்தில், எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு புதிய செயலாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்த ஆண்டுக் கட்டணத்தை அவரே திருத்திவிட்டதாகவும், தொகை சரியான இடத்தில் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லும்படியும் கேட்டிருந்தார்.