எரிந்த ஏடுகள்

பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789 என்றாலே நமக்குப் பாஸ்டில் சிறையின் வீழ்ச்சிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால், பிரபுக்களின் ஆதிக்கத்தை உண்மையில் உலுக்கியது அதற்கடுத்த வாரங்களில் கிராமப்புறங்களில் எழுந்த கிளர்ச்சியே என்பது என் எண்ணம். கொள்ளையர்கள் வருகிறார்கள் என்ற வதந்தி ஊர் ஊராகப் பரவ, 'பெரும் அச்சம்' எனப் பின்னர் பெயர்பெற்ற அந்நாட்களில், ஆயுதமேந்தித் திரண்ட குடியானவர்கள் பல இடங்களில் பிரபுக்களின் மாளிகைகளுக்குள் புகுந்து, தாங்கள் பிரபுக்களுக்குச் செலுத்த வேண்டிய கடமைகள், அதாவது வரிகளும் கட்டணங்களும், எழுதப்பட்டிருந்த பதிவேடுகளைத் தேடித்தேடி எரித்தனர். இதைக் கண்மூடித்தனமான வன்முறை என்று ஒதுக்கிவிட முடியாது. பிரபுவின் ஆலையிலேயே மாவரைத்து, அவருடைய அடுப்பிலேயே ரொட்டி சுட்டு, அதற்கும் கட்டணம் செலுத்தியவர்களுக்கு, அந்தச் சுமை எந்தத் தாளில் நிலைகொண்டிருக்கிறது என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

ஆகஸ்ட் 4ஆம் நாள் இரவில் தேசிய சட்டமன்றத்தில் பிரபுக்களே எழுந்து தம் சிறப்புரிமைகளைத் துறந்தது பெருந்தன்மையாகப் போற்றப்படுகிறது. கிராமங்கள் பற்றியெரிந்திராவிட்டால் அந்தப் பெருந்தன்மை பிறந்திருக்குமா? மேலும், அந்தத் துறப்பு முழுமையானதும் அல்ல: நிலம் சார்ந்த கடமைகளிலிருந்து விடுபட, 1790இல் வகுத்த விதிகளின்படி, பணமாகச் செலுத்தியவர்கள் ஆண்டுத் தொகையைப் போல் 20 மடங்கும், தானியமாக அளந்தவர்கள் 25 மடங்கும் ஈடாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏழைக் குடியானவர்களால் அது இயலாத காரியம். பல பகுதிகளில் அவர்கள் கொடுக்க மறுத்தார்கள். மீண்டும் கலகங்கள் மூண்டன. எஞ்சியிருந்த கடமைகள் ஈடின்றி ஒழிக்கப்பட்டது 1793 ஜூலை 17 அன்றுதான். ஏடுகளை எரிக்குமாறு இம்முறை சட்டமே ஆணையிட்டது.